450 டாலர் துப்பாக்கியைப் பளபளப்பாக்கி 150 டாலர் ஆக்கின என் நண்பன்: பழைய ஜப்பான் ரைஃபிள் முதலீடா, செலவா?



"கலெக்‌ஷன் எல்லாம் முதலீடு ஆகுமா?"ன்னு போன வாரம் நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். ஸ்டாம்ப், பழைய காசு, வாட்ச் எல்லாம் பேசிட்டு, கடைசில ரெண்டே நிமிஷம் பழைய ஜப்பான் ராணுவ ரைஃபிள் பத்தி சொன்னேன். கேள்வி எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் வந்திருக்கு. அதிலும் பாதி, அமெரிக்காவுல வேலை பார்க்கிற நம்ம ஆட்கள்கிட்ட இருந்து. வீடியோவுல அவசரமா சொன்னதை இங்க கொஞ்சம் உட்கார்ந்து எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன். நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, வக்கீலும் இல்லை. இந்தக் கட்டுரையில வர்ற பணம் என் நண்பனோடது. அவன் அனுமதி கொடுத்துட்டான், பேர் மட்டும் போடாதேன்னு சொல்லிட்டான்.

காலேஜ்ல என் ரூம்மேட் அவன். இப்போ டெக்ஸாஸ்ல இருக்கான், கிரீன் கார்டு வந்துடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பரோட துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போயிருக்கான். அந்த ஊர்ல அது நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி, குடும்பத்தோட வருவாங்க. அங்க ஒரு மேஜையில இரண்டாம் உலகப் போர் காலத்து ஜப்பான் ரைஃபிள், விலை 450 டாலர். கட்டை எல்லாம் கறுத்துப் போயிருக்கு, இரும்புல அங்கங்க பழுப்பு. "இது வருஷா வருஷம் ஏறும்"னு கூட வந்தவர் சொல்ல, இவன் வாங்கிட்டான்.

அடுத்த மூணு வாரம் சனி, ஞாயிறு முழுக்க அதே வேலை. உப்புத்தாள் வாங்கி கட்டையைத் தேய்ச்சான். பழைய பூச்சு முழுசா போனதும் மினுமினுன்னு வார்னிஷ் அடிச்சான். இரும்பையும் பாலீஷ் போட்டு, பாட்டில்ல விக்கிற நீலக்கறுப்புச் சாயம் பூசினான். முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு போட்டோ வாட்ஸ்அப்ல வந்தது. நானும் "சூப்பர் மச்சான், புதுசு மாதிரி இருக்கு"ன்னு பதில் போட்டேன். இந்தக் கதையில எனக்கும் பங்கு இருக்கு, அதனால மறைக்கல.

பிறகு அதை ஒரு பழைய ராணுவப் பொருள் வியாபாரிகிட்ட கொண்டுபோய் என்ன விலை போகும்னு கேட்டிருக்கான். 700 வரும்னு இவன் கணக்கு. அவர் கையில வாங்கி, ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "யார் இதைச் செஞ்சது?"ன்னு கேட்டாராம். இவன் பெருமையா "நான்தான்"னு சொல்லியிருக்கான். அவர் சொன்ன விலை 150. அதுவும் உதிரி பாகங்களுக்காக!

ஏன் அப்படின்னு புரியணும்னா, அந்த ரைஃபிள் என்னன்னு முதல்ல தெரியணும்.

அரிசாகா: ஒரு சின்ன அறிமுகம்

ஜப்பான் ராணுவத்தோட இந்த ரைஃபிள் வரிசைக்கு மொத்தமா 'அரிசாகா'ன்னு பேர். 1890-கள்ல இந்த வடிவமைப்பு வேலையை முன்னின்று நடத்தின அதிகாரி அரிசாகா நரியாகிராவோட பேர் அது. கலெக்‌ஷன் உலகத்துல அதிகம் கைமாறுறது ரெண்டு மாடல். ஒண்ணு டைப் 38: மெய்ஜி ஆட்சியோட 38-ஆம் வருஷம், அதாவது 1905-ல வந்தது. 6.5 மி.மீ. தோட்டா. இன்னொண்ணு டைப் 99: ஜப்பானோட பழைய பேரரசு ஆண்டுக் கணக்குப்படி 2599, நம்ம கணக்குல 1939. இது 7.7 மி.மீ. என் நண்பன் வாங்கினது டைப் 99.

இதெல்லாம் எங்க செஞ்சாங்கன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். அரசாங்க ஆயுதசாலைகள் ஒரு பக்கம். போர்க்காலத்துல தனியார் கம்பெனிகளும் டைப் 99 செஞ்சாங்க. ஹிரோஷிமாவுல இருந்த டோயோ கோக்யோ, அதுதான் இன்னைக்கு மாஸ்டா கார் கம்பெனி. இன்னொண்ணு 1938-ல ஆரம்பிச்ச டோக்கியோ ஜூக்கி. திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தப் பேர் உடனே பொறி தட்டும். ஆமாம், பனியன் கம்பெனியில வரிசையா ஓடுதே அதே ஜூக்கி தையல் மெஷின்தான். போர் முடிஞ்சதும் துப்பாக்கியை விட்டுட்டு தையல் மெஷின் பக்கம் வந்துட்டாங்க.

என் நண்பனோட ரைஃபிள் கொக்குரா ஆயுதசாலையில செஞ்சது. 1945 ஆகஸ்ட் 9 அன்னிக்கு இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்கு நாகசாகி இல்லை, கொக்குராதான். காரணமே அங்க இருந்த இந்த ஆயுதசாலை. அன்னிக்குக் காலையில ஊரைப் புகையும் மேகமும் மூடியிருந்ததால விமானம் இலக்கைப் பார்க்க முடியாம நாகசாகிக்குத் திரும்பிடுச்சு. அப்படித் தப்பிச்ச ஊரோட முத்திரை குத்தின பொருள் ஒண்ணு இவன் மேஜைல இருந்திருக்கு. கையில உப்புத்தாளோட இவன் உட்கார்ந்திருக்கான்.

நீங்க காசு கொடுக்கிறது எதுக்கு?

நம்ம ஊர்ல 'ரெஸ்டோர்' பண்றதுன்னா உடனே மனசுல வர்றது ஆர்எக்ஸ் 100. ஒரு ஓட்டை வண்டியை வாங்கி, இன்ஜின் பிரிச்சு, பெயின்ட் அடிச்சு, குரோம் போட்டா விலை ஏறுது. அதே கணக்கைத்தான் என் நண்பன் துப்பாக்கிக்குப் போட்டான். ஆனா ஆர்எக்ஸ் 100 வாங்குறவன் அதை ஓட்டப் போறான். அவன் காசு கொடுக்கிறது சத்தத்துக்கும் ஓட்டத்துக்கும். அரிசாகா வாங்குற கலெக்டருக்குச் சுடறது ரெண்டாம் பட்சம். அவர் காசு கொடுக்கிறது சாட்சியத்துக்கு. இந்தப் பொருள் எங்க பிறந்தது, எப்போ, யார் கையில இருந்தது, எப்படி இங்க வந்ததுன்னு அதோட உடம்பு மேல எழுதியிருக்கிற சாட்சியம். அழுக்கு, கீறல், பழைய பூச்சு எல்லாமே அதில அடக்கம். துடைச்சா போச்சு.

அந்தச் சாட்சியத்துல முதல் இடம் ஒரு பூவுக்கு. ரைஃபிளோட மேல்பக்கத்துல, குண்டு ஏறுற அறைக்கு மேல, 16 இதழ் கொண்ட சாமந்திப்பூ முத்திரை இருக்கும். அது ஜப்பான் பேரரசரோட சின்னம். இது அவரோட சொத்துன்னு அர்த்தம். கலெக்டர்கள் செல்லமா 'மம்'னு சொல்லுவாங்க. 1945-ல ஜப்பான் சரணடைஞ்ச பிறகு ஒப்படைக்கப்பட்ட ரைஃபிள்கள்ல பெரும்பாலானதுல இந்தப் பூவை அரத்தாலோ சாணைக் கல்லாலோ தேய்ச்சு அழிச்சிருக்காங்க. சிலதுல பாதி இதழ் தெரியும், சிலதுல வெறும் வெள்ளைத் தழும்பு மட்டும். பூ முழுசா இருந்தா, அது சரணடையறதுக்கு முன்னாடியே போர்க்களத்துல கைப்பற்றப்பட்டதா இருக்க வாய்ப்பு அதிகம். அதனால அதே மாடல், அதே நிலையில, பூ இருக்கிறதுக்கு விலை கூட.

இங்கதான் திருட்டு வேலையும் நடக்குது. அழிஞ்ச இடத்துல புதுசா பூ வெட்டி விக்கிறவங்க இருக்காங்க. அந்த இடம் பக்கத்தைவிடக் கொஞ்சம் பள்ளமா இருக்கும், இதழ் ஓரம் ரொம்பக் கூர்மையா இருக்கும். கையில எடுத்துப் பார்த்துப் பழகினவங்களுக்குத் தெரியும். போட்டோவைப் பார்த்து வாங்குறவங்களுக்குத் தெரியாது.

என் நண்பனோட ரைஃபிள்ல பூ முழுசா இருந்தது. நீலச் சாயம் நல்லா பிடிக்கணும்னு பாலீஷ் சக்கரத்துல போட்டதுல இதழ் எல்லாம் மழுங்கிப் போச்சு. 450 கொடுத்ததுல பெரும்பகுதி அந்தப் பூவுக்குத்தான்னு அவனுக்கு அப்போ தெரியாது.

அடுத்தது எண்கள். ரைஃபிளோட சீரியல் நம்பர் உடம்பு மேல இருக்கும். பின்பக்கம் இழுத்துத் தள்ளுற போல்ட்டுலயும் எண் இருக்கும். ரெண்டும் பொருந்தினா நல்லது. போருக்குப் பிறகு போல்ட்டைத் தனியா கழட்டி ஒரு குவியலாவும் ரைஃபிளை ஒரு குவியலாவும் போட்டதால, நிறைய ரைஃபிள்ல வேற போல்ட்தான் இருக்கும். சீரியல் நம்பருக்கு முன்னாடி ஒரு வட்டத்துக்குள்ள ஜப்பானிய எழுத்து ஒண்ணு இருக்கும். அது வரிசைக் குறி. 99,999 வரைக்கும் எண் போனதும் அடுத்த எழுத்துக்குப் போவாங்க, நாம அ, ஆ, இ-ன்னு பிரிவு போடற மாதிரி. அந்த எழுத்தையும் ஆயுதசாலை முத்திரையையும் சேர்த்துப் பார்த்தா, எந்தத் தொழிற்சாலை, போரோட ஆரம்பமா, நடுவா, கடைசியான்னு சொல்லிடலாம்.

ஆரம்பகால டைப் 99-ஐப் பார்த்தா பணம் செலவழிச்சுச் செஞ்சிருக்காங்கன்னு தெரியும். பீப்பாய்க்கு உள்ளே குரோம் பூச்சு, மடக்கி விடற கம்பிக் கால், போல்ட்டு மேல தூசி போகாம இருக்க ஒரு தகட்டு மூடி, விமானத்தைக் குறிபார்க்க சைட்டுல ரெண்டு பக்கமும் விரியற கை. 1945-ஐ நெருங்க நெருங்க ஒவ்வொண்ணா காணாமப் போகும். கால் போச்சு, மூடி போச்சு, குரோம் போச்சு. கட்டையோட அடிப்பக்கம் இரும்புத் தகட்டுக்குப் பதிலா பலகைத் துண்டை ஆணி அடிச்சு வெச்சிருப்பாங்க. இரும்பு மேல வெட்டுக்கருவி ஓடின கோடு அப்படியே இருக்கும், தேய்க்கக்கூட நேரமில்லை. 'கடைசிக்கட்ட' ரைஃபிள்னு இதைத் தனியாவே சேர்க்கிறவங்க இருக்காங்க. ஒரு நாடு தோத்துக்கிட்டு இருக்கும்போது அதோட பட்டறை எப்படி இருந்ததுங்கிறதை கண்ணால பார்க்கலாம். அசிங்கமா இருக்கிறதுதான் அதோட மதிப்பு. அதை ஒருத்தன் தேய்ச்சு வழவழப்பாக்கினா, என்ன செஞ்சிருக்கான்னு நினைச்சுப் பாருங்க.

கட்டை மேல இருந்த கறுத்த பூச்சு பத்தியும் ஒரு வார்த்தை. அது அழுக்கு இல்லை. 'உருஷி'ங்கிற மரத்துப் பாலால செய்யற ஜப்பானிய அரக்குப் பூச்சு. அந்த மரம் நம்ம மாமரம், முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்தின சேங்கொட்டையும் அதே குடும்பம்தான். சேங்கொட்டைப் பால் பட்டா தோல் எப்படிப் புண்ணாகுமோ, காயாத உருஷி பட்டாலும் அப்படித்தான். 80 வருஷம் தாங்கின அந்தப் பூச்சைத்தான் என் ஆள் உப்புத்தாள் போட்டு எடுத்தான். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

"நான் தேய்க்க மாட்டேன், சரியா ரெஸ்டோர் பண்ணுவேன்"

இப்படியும் ஒரு கூட்டம் இருக்கு. இவங்க வாதம் கொஞ்சம் நியாயமானது, அதனால நிதானமாப் பார்ப்போம்.

போர் முடிஞ்சு அமெரிக்க சிப்பாய்கள் ஊர் திரும்பும்போது ஞாபகார்த்தமா இந்த ரைஃபிள்களைக் கொண்டுபோனாங்க. பைக்குள்ள அடங்கலைன்னு கட்டையை நடுவுல அறுத்துக் கொண்டுபோனவங்க உண்டு. பிறகு 1950, 60-கள்ல இது மலிவாக் கிடைச்ச பொருள். தோட்டா கிடைக்கலைன்னு டைப் 99-ஐ அமெரிக்காவோட .30-06 தோட்டாவுக்கு ஏத்த மாதிரி குடைஞ்சாங்க. மான் வேட்டைக்கு எடை குறையணும்னு முன்கட்டையை அறுத்து எறிஞ்சாங்க, பீப்பாயைக் குட்டையாக்கினாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த இரும்பு உறுதியானதுங்கிறது உண்மை. பி.ஓ. ஆக்லிங்கிற பிரபல துப்பாக்கி நிபுணர் பல நாட்டு ரைஃபிள்களை வேணும்னே அதிக மருந்து போட்டு உடையற வரைக்கும் சோதிச்சப்போ, டைப் 38-தான் ரொம்ப நேரம் தாக்குப் பிடிச்சது.

அப்படி அறுபட்ட ரைஃபிள்கள் இன்னைக்கும் மலிவா கிடைக்கும். அதை வாங்கி, காணாமப்போன பாகங்களைத் தேடிச் சேர்த்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவர்றது ஒரு நல்ல பொழுதுபோக்கு. இதுல சாட்சியம் எதையும் புதுசா அழிக்கல. ஆனா கணக்கு? ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம், இது நான் போட்ட எண், மார்க்கெட் ரேட் இல்லை. அறுபட்ட ரைஃபிள் 200 டாலர். முழு நீளக் கட்டை 220. இரும்பு வளையங்கள் 70. மேல்கட்டை 60. சுத்தம் செய்யற கம்பி 45. தூசி மூடி 90. மொத்தம் 685. ஒவ்வொண்ணுக்கும் தபால் செலவு தனி. கடைசியில கையில இருக்கிறது எண் பொருந்தாத, ஆறு துப்பாக்கியோட பாகம் சேர்ந்த ஒரு ரைஃபிள். இதே பணத்துக்கு முழுசா ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

அதுலயும் தூசி மூடி, கம்பிக் கால் மாதிரி பாகங்கள் புதுசா நகல் எடுத்து விக்கிறாங்க. உங்க திருப்திக்குப் போட்டுக்கலாம். விக்கும்போது இது நகல்னு சொல்லி வித்தா நேர்மை. சொல்லாம வித்தா மோசடி, அவ்வளவுதான்.

குடைஞ்சு மாத்தின ரைஃபிள்ல இன்னொரு ஆபத்து உயிருக்கே. வெளியில பார்த்தா 7.7 மி.மீ. மாதிரியே இருக்கும், உள்ளே அறை வேற அளவா இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் கவாத்துக்காக ஜப்பான்ல செஞ்ச பயிற்சித் துப்பாக்கிகளும் இந்தச் சந்தையில கலந்து கிடக்கு. வெறும் சத்தத் தோட்டாவுக்கு மட்டும் செஞ்சது, பலவீனமான வார்ப்பிரும்பு, பீப்பாய்க்குள்ள சுழல் வரியே இருக்காது. அதுல நிஜத் தோட்டா போட்டா முகத்துக்கு நேரா வெடிக்கலாம். தகுதியான துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்த்துச் சொல்லாம எதையும் சுடக்கூடாது. 50 டாலர் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

வருமானக் கணக்கு

"சரி, தொடாம அப்படியே வெச்சிருந்தா ஏறுமில்ல?"

ஏறலாம். நல்ல நிலையில, பூவோட, எண் பொருந்தி, ஒரிஜினல் பாகங்களோட இருக்கிறது இனிமே புதுசா உற்பத்தி ஆகாது. டைப் 44 குதிரைப்படை ரைஃபிள், ரெண்டாப் பிரியற பாராசூட் வீரர் ரைஃபிள், டைப் 97 குறிசுடும் ரைஃபிள் மாதிரி அரிதானதுக்கு எப்பவும் ஆள் இருக்கு. ஆனா டைப் 38, 99 எல்லாம் லட்சக்கணக்குல செஞ்ச பொருள். தாத்தா பரண்ல வெச்சிருந்ததைப் பேரன் ஏலத்துக்குக் கொண்டுவர்றதும் நடந்துக்கிட்டே இருக்கு.

மறுபடியும் ஒரு உதாரணக் கணக்கு. 400 டாலருக்கு வாங்கி 10 வருஷம் கழிச்சு 900-க்கு விக்கிறீங்க. கண்ணுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. வருஷத்துக்குச் சுமார் 8.4% கூட்டு வளர்ச்சி. நண்பர்கள் பெருமையடிக்கிறது இந்த எண்ணைத்தான். இப்போ உண்மையான செலவைச் சேருங்க. வாங்கும்போது டீலர் வழியா மாத்துற கட்டணம், தபால் எல்லாம் சேர்த்து 70. பத்து வருஷத்துக்கு எண்ணெய், ஈரம் உறிஞ்சும் பை, பெட்டியில இதோட பங்கு, ஒரு 100. ஆக உங்க அடக்கம் 570. விக்கும்போது ஏல கமிஷன் 15%, அதாவது 135 போக 765. பேக்கிங், தபால் 40 போனா கையில 725. 570 போய் 725 வந்திருக்கு. வருஷத்துக்கு 2.4%தான். நடுவுல டிவிடெண்ட் இல்லை, வட்டி இல்லை. அவசரத்துக்குப் பாதியை மட்டும் விக்க முடியாது. வீட்டு இன்ஷூரன்ஸ்லயும் துப்பாக்கி திருடு போனா இவ்வளவுதான் தருவோம்னு பல பாலிசில தனி உச்சவரம்பு இருக்கும், படிச்சுப் பாருங்க.

ஆனா என் நண்பனோட பெரிய நஷ்டம் இந்தக் கணக்குலயே வராது. 450-க்கு வாங்கினது 150 ஆச்சு, 300 டாலர் போச்சு, சரி. முதல் ரைஃபிள் கையில வந்த ஜோர்ல, இன்னும் நாலு வாங்கணும்னு அவன் ஒரு காரியம் செஞ்சான். சம்பளத்துல இருந்து ஓய்வூதிய சேமிப்புக்கு, அந்த ஊர் 401(கே)-க்கு, 6% பிடிச்சுக்கிட்டு இருந்ததை 2% ஆக்கிட்டான். அவன் கம்பெனி 6% வரைக்கும் அவன் போடற ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் தன் பங்கா போடுது. 90,000 டாலர் சம்பளத்துல 4%ன்னா 3,600. அதுக்குக் கம்பெனி தந்திருக்க வேண்டிய 1,800-ஐ வருஷா வருஷம் வேண்டாம்னு சொன்ன மாதிரி. எட்டு மாசம் இப்படியே ஓடியிருக்கு. 1,200 டாலர் இலவசப் பணம், கேட்காமலே போயிடுச்சு. துப்பாக்கி கெட்டது தெரிஞ்ச அன்னிக்கு அவன் என்கிட்ட புலம்பினான். இது தெரிஞ்ச அன்னிக்குப் பேசவே இல்லை.

சட்டம்: இதைத் தாண்டிப் போயிடாதீங்க

எனக்கு வந்த மெயில்ல ஒண்ணு: "அண்ணா, நான் எச்-1பி விசால இருக்கேன். ரூம்மேட் பேர்ல வாங்கி என் வீட்ல வெச்சுக்கலாமா?" கூடாது. அமெரிக்க மத்திய சட்டப்படி எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வெச்சுக்கவும் கூடாது. செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. அதை வக்கீல்கிட்ட கேட்டு எழுத்துல வாங்காம நம்பாதீங்க. இன்னொருத்தர் பேர்ல வாங்கறது தனிக் குற்றம். 450 டாலர் பொருளுக்காக விசாவையும் கிரீன் கார்டு வரிசையையும் பணயம் வைக்காதீங்க. கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்கு இந்தத் தடை இல்லை, ஆனா மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கலெக்டர்களுக்குன்னு அங்க ஒரு மத்திய லைசென்ஸ் இருக்கு. 50 வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வேற மாநிலத்துல இருந்தும் நேரடியா வாங்கலாம். மூணு வருஷத்துக்கு 30 டாலர். ஒவ்வொரு வாங்கல், விற்றலையும் ஒரு பதிவேட்டுல எழுதி வைக்கணும். ரொம்ப மலிவா இருக்கேன்னு தோணும். ஆனா நம்ம முதலீட்டு நண்பர்கள் கவனிக்காத விஷயம்: அது சேர்க்கிறதுக்கான லைசென்ஸ், வியாபாரத்துக்கானது இல்லை. லாபத்துக்காக வாங்கி வாங்கி விக்கிறதைத் தொழிலா பண்ணினா டீலர் லைசென்ஸ் வேணும். அதாவது "வாங்கி, ரெஸ்டோர் பண்ணி, வித்து, மறுபடி வாங்கி"ங்கிற திட்டத்தை இந்த 30 டாலர் லைசென்ஸ்ல ஓட்ட முடியாது.

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு ஒரே பத்தி போதும். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தா குற்றம். லைசென்ஸ் இருந்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவா ஒருத்தருக்கு 2 துப்பாக்கிதான். இங்க இது பொழுதுபோக்கே இல்லை, விட்டுடுங்க. இந்த ரைஃபிள்களோட வந்த ஜப்பான் படை 1944-ல மணிப்பூர் வரைக்கும் வந்தது. இம்பால் பக்கத்துல 2019-ல திறந்த அமைதி அருங்காட்சியகம் அந்தப் போரோட ஞாபகமா நிக்குது. வரலாறு மேல ஆர்வம்னா வடகிழக்குப் பயணத்துல அங்க போய்ட்டு வாங்க.

அப்படியும் ஆசை விடலையா?

சட்டப்படி வாங்கக்கூடிய இடத்துல, வாங்கக்கூடிய நிலையில நீங்க இருந்தா, ஆசைப்படறதுல தப்பே இல்லை. டூர் போறோம், கேமரா வாங்கறோம், அது மாதிரி இது. பட்ஜெட்ல 'பொழுதுபோக்கு'ங்கிற தலைப்புல எழுதுங்க, 'முதலீடு'ல எழுதாதீங்க. கம்பெனி பங்கு கிடைக்கிற அளவுக்கு ஓய்வூதியத்துல போட்டாச்சா, ஆறு மாசச் செலவு தனியா இருக்கா, கிரெடிட் கார்டு பாக்கி இல்லையா, அப்புறம் வாங்குங்க. இஎம்ஐ-ல மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது விக்கிறவர் சொல்ற கதைக்குக் காசு கொடுக்காதீங்க. "எங்க தாத்தா ஒகினாவால எடுத்தது"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சிப்பாய்க்கு அப்போ ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டு கூட இருந்தா, அதுல இருக்கிற எண்ணும் ரைஃபிள் எண்ணும் பொருந்தினா, அது வேற விஷயம். அந்தத் தாளைப் பத்திரமா தனியா வைங்க.

கையில வந்ததும் முதல் வேலை எல்லாப் பக்கமும் போட்டோ. ரெண்டாவது வேலை மெல்லிசா எண்ணெய் தொட்டு மிருதுவான துணியால இரும்பைத் துடைக்கிறது, துரு மேற்கொண்டு பரவாம இருக்க. கட்டையில தூசியை மட்டும் தட்டுங்க. திருகாணி தலைக்குச் சரியா பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வெச்சு எதையும் கழட்டாதீங்க. உப்புத்தாள், வார்னிஷ், சாயம், பாலீஷ் சக்கரம் நாலும் அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. இது என் நண்பனே அனுப்பின லிஸ்ட்.

அவன் அந்த ரைஃபிளை விக்கல. 150-க்கு மனசு வரலைன்னான். 401(கே)-யை மறுபடி 6% ஆக்கிட்டான். போன மாசம் அவன் வீட்டுக்கு வந்த ஆபீஸ் ஆள் ஒருத்தர் சுவர்ல அதைப் பார்த்துட்டு, "அட, புதுசு மாதிரி வெச்சிருக்கீங்களே, என்ன விலைக்குத் தருவீங்க?"ன்னு கேட்டாராம். 500 சொன்னா வாங்கிட்டுப் போயிருப்பார் போல. இவன் உட்கார வெச்சு, காபி கொடுத்து, மழுங்கின பூவைக் காட்டி, நடந்ததை முழுசா சொல்லி அனுப்பியிருக்கான்.